விரல் குடித்த சோறு

சாய்ந்தமருது அச்சிமுகம்மது 2004ஆம் ஆண்டு மார்கழி இருபத்தொன்பதாம் திகதிக்குப் பிறகு வாயால் எதையும் சாப்பிடவில்லை. சோற்றின்மேல் கையை வைப்பார். விரல்நுனிகளில் வியர்வைபோல ஒரு நீர் ஊறும். சோறு குழைந்து கஞ்சியாகும், கஞ்சியை விரல்களே குடித்துக்கொள்ளும். ஒரு கோப்பைச் சோற்றுக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது, இறைச்சி என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கடல்மீனை ஊரே தொடாதிருந்த காலம் அது, ஆகவே மீனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமென்று யாருக்கும் தெரியாது.

கடல் ஊருக்குள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமையிலும் பள்ளிவாசல் வளவில் முந்நூறு பேர் படுத்துக் கிடந்தார்கள். சம்மாந்துறைக்காரர்கள் சமைத்து உழவு இயந்திரப் பெட்டியில் அனுப்பிய சோறுதான் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவது வழக்கம். பெரிய தட்டு ஒன்றுதான், ஆனால் அவரவர் முன்னால் இருப்பதே அவரவர் பங்கு. அடுத்த ஆளின் பக்கம் விரல் போவது மானக்கேடு. அன்று பக்கீர் முகைதீனும் இன்னும் ஐந்து பேரும் விடிந்ததிலிருந்து கடற்கரையில் செத்தவர்களின் மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு சஹன் மூடி வைக்கப்பட்டிருந்தது. தகரம் வெட்டிய காலோடு மண்வெட்டி பிடிக்க முடியாமல் இருந்த அச்சிமுகம்மதுவைத்தான் அதற்குக் காவல் வைத்தார்கள்.

தன் பங்கை அவர் லுஹர் தொழுகைக்கு முன்னரே சாப்பிட்டு முடித்திருந்தார். ஆனாலும் கடல் திரும்ப வருமென்ற பயத்தில் அவருக்குப் பசித்தது. முதலில் மூடியை நீக்கி ஒரு பிடி எடுத்தார், எடுத்த இடம் தெரியாமல் சோற்றைத் தடவி விட்டார். பிறகு மற்றப் பக்கத்தில் ஒரு பிடி. ஆறு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று எடுத்து எடுத்து, கடைசியில் தட்டின் பூவேலை தெரிந்தபோதுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஆறு பேரும் கை கால் கழுவிக்கொண்டு வந்து மூடியைத் திறந்தார்கள். அச்சிமுகம்மது கிணற்றடியைக் காட்டினார்.

"அந்தத் தமிழ்ப் பொம்புளதான். சேலைக்குள்ள கட்டிட்டுப் போய் ரோட்டுல நிண்ட அவட ஆக்களுக்குக் குடுத்துட்டா. நான் கண்ட."

கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் மாவடிப்பள்ளி அன்னப்பிள்ளை. ஞாயிறு காலையில் கீரை விற்க வந்து, கடலில் அடிபட்டு, எப்படியோ உயிர் தப்பிப் பள்ளி வளவுக்குள் வந்து சேர்ந்தவர். மூன்று நாளாக ஊர்ப் பிள்ளைகளின் காயங்களைக் கழுவிக்கொண்டு இருந்தார். அவர் எழுந்து வந்து சேலைத் தலைப்பை அவிழ்த்து, எல்லோர் முன்னாலும் உதறிக் காட்டினார். ஒரு சோறும் விழவில்லை.

"நான் எடுக்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்னப்பிள்ளை ஈரக் கையோடு கேற்றைத் தாண்டிப் போய்விட்டார். அன்று பின்னேரம் கொடுத்த விசுக்கோத்து அச்சிமுகம்மதுவின் தொண்டையில் இறங்கவில்லை. வாயில் வைத்ததைத் துப்பிவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்து உள்ளங்கைக்குள் போய்விட்டது.

என்ன வருத்தமென்று ஆஸ்பத்திரியில் பிடிபடவில்லை. மனைவி ஸுலைஹாவின் மூத்த சகோதரனின் மகள் நிஹ்லா ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். அவள்தான் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவைத்துச் சொன்னாள்: "இது பங்கசு தின்னுற மாதிரி மாமா. காளானுக்கு வாயுமில்ல, வயிறுமில்ல. சமிக்கிற நீர வெளியில விடும், தீன் வெளியிலயே கரையும், பிறகு அத உறிஞ்சும். செத்ததில வாழுறதும் இருக்கு, உயிருள்ளதில ஒட்டி அத அழிக்கிறதும் இருக்கு. வேரோட சேந்து, குடுத்து வாங்கி வாழுறதும் இருக்கு." அச்சிமுகம்மது கடைசி வசனத்தைக் கேட்கவில்லை. அழிக்கிறது என்ற சொல்லிலேயே தலை குனிந்துவிட்டார்.

காரணம் இருந்தது. ஸுலைஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவது அவர் வழக்கம். இரண்டு மாதத்தில் ஸுலைஹா பாதியாக வற்றிப்போனார், வளையல் முழங்கை வரை ஏறியது. ஒரு நாள் தகரக் கொட்டிலின் நடுவில் பாயை நிறுத்திவைத்து, "என்னத் தொடாதீங்க, உங்களுக்கு அல்லாட காவல்" என்று அழுதார். மனைவியின் சீதன வீட்டில் இருந்தவருக்கு வீட்டைக் கடல் கொண்டுபோனது, மனைவியைத் தன் கையே கொண்டுபோகப் பார்த்தது. அந்த வெட்கத்தில் அவர் உயிருள்ள எதையும் தொடுவதை விட்டார். பக்கத்து வளவு முருங்கையில் ஒரு தடவை தெரியாமல் சாய்ந்து, அது பட்டுப்போனதோடு மரங்களையும் விட்டார்.

செத்தவைக்கு ஊரில் குறைவில்லை. உடைந்த அலுமாரி, இலவம்பஞ்சு மெத்தை, விழுந்த தென்னை, பிளந்த தோணி என்று தெருவெல்லாம் கிடந்தது. அச்சிமுகம்மது போய் ஏறி உட்காருவார். நாலைந்து நாளில் குவியல் தணிந்து நல்ல கறுத்த மண்ணாகிவிடும். சனம் வரிசையில் வந்து அவரைக் கூட்டிப்போனது. பைபர் வள்ளம் மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. மூன்று வருடத்தில் எங்கள் கடற்கரைத் தெருக்கள் துப்புரவானதற்கு அவர்தான் காரணம் என்பதை நன்றியோடு எழுதிவைக்கிறோம். நன்றி சொன்னவர்களிடம் அவர் ஒருபோதும் முகம் நிமிர்ந்து பேசியதில்லை. ஒவ்வொரு குவியலுக்குள்ளும் ஒரு சேலைத் தலைப்பு உதறப்படுவது அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அன்னப்பிள்ளை தங்கையோடு சாகாமத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தார். போய்க் காலில் விழவேண்டும் என்று நினைப்பார். ஆனால் சண்டை நாள், சோதனைச் சாவடிகள், தமிழ் ஊருக்குள் நம்மவர் போவதில்லை, நம் ஊருக்குள் அவர்கள் வருவதில்லை. சாவடியை அவர் ஒரு சாட்டாகவே வைத்திருந்தார். 2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது, பாதை திறந்தது, சாட்டும் போய்விட்டது. ஆனி மாதம் அக்கரைப்பற்றில் பஸ் மாறிச் சாகாமம் போனார்.

அன்னப்பிள்ளை சிறுபோக வயலில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் தெரிந்துகொண்டார். அச்சிமுகம்மது வரம்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னார், சொல்லும்போதே கால் நழுவி வயலுக்குள் இறங்கிவிட்டார், அழுதார்.

"நான்தான் திண்ட அக்கா. மாப்புத் தாங்க."

"நீங்கதான் திண்டதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் அன்னப்பிள்ளை. "உங்கட ஆக்களுக்கு முன்னாலதானே என்னக் கள்ளியாக்கின நீங்க? அவங்களுக்கு முன்னால போய்ச் சொல்லுங்க. இஞ்ச வந்து அழுது என்னத்துக்கு?"

சொல்லிவிட்டுப் புல் பிடுங்கப் போய்விட்டார். அச்சிமுகம்மதுவுக்குக் காலை எடுக்க முடியவில்லை. உள்ளங்காலிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கிச் சேற்றுக்குள் ஓடி, வேர்களைத் தேடிப் பிடித்தன. பயந்து போனார், இந்த வயலையும் அழிக்கப்போகிறேனே என்று கத்தினார். ஆனால் மண்ணின் ஆழத்திலிருந்து ஏதோ ஒன்றை நூல்கள் வேருக்குக் கொடுத்தன, வேர் அவருக்கு இனிப்பைக் கொடுத்தது. மஞ்சளாய்க் கிடந்த பயிர் பின்னேரத்துக்குள் பச்சை பிடித்தது. நாலரை வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு வயிறு நிறைந்தது. யாருடைய வயலில் நிறைந்தது என்று எண்ணியபோது உடம்பெல்லாம் கூசியது. அன்னப்பிள்ளை வந்து பயிரைப் பார்த்தார்.

"இது பயிருக்குச் செய்தது. எனக்குச் செய்யவேண்டியது அங்க கிடக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் எழும்புவதற்குள் அச்சிமுகம்மது எழுந்து நின்றார். ஒன்றையும் ஒளிக்கவில்லை: முதல் பிடி, தடவி விட்டது, கிணற்றடியைக் காட்டியது எல்லாம் சொன்னார். ஊர் காறித் துப்பும் என்று எதிர்பார்த்தார். மையித்து அடக்கிய ஆறு பேரில் ஒருவர் மௌத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார், ஒருவர் கட்டாரில். மிச்சம் நாலு பேரும் முன் வரிசையில் இருந்தார்கள். பக்கீர் முகைதீன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"எங்களுக்கு அண்டைக்கே தெரியும். உன்ட தாடியில சோறு ஒட்டிக்கிடந்த."

"தெரிஞ்சுமா காக்கா பேசாம இருந்தீங்க?"

பக்கீர் முகைதீன் பாயின் ஓரத்தை மடித்து நீவினார். "உன்னக் கேட்டா ஊருக்குள்ள ஒரு பிரச்சின. அவ எப்பிடியும் போற மனிசிதானே எண்டு இருந்துட்டம்."

அந்தப் புதன்கிழமை பள்ளிவாசல் வளவில் இருந்த முந்நூறு பேரில் பாதிப் பேராவது அந்தத் தாடியைப் பார்த்திருக்கவேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தனக்குள் எண்ணிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பகல் சோற்றில் கை வைத்தபோது பக்கீர் முகைதீனின் விரல்நுனியில் நீர் ஊறியது. மற்ற மூவருக்கும் அப்படியே. பிறகு தெருவில் வேறு வீடுகளிலும். பெண்கள் அதிகம் கேள்வி கேட்கவில்லை. கோப்பையைச் சற்று நேரம் கழித்துக் கழுவினார்கள்.

திங்கட்கிழமை அச்சிமுகம்மதுவும் அந்த நாலு பேருமாக ஐந்து பேர் சாகாமத்துக்கு பஸ் ஏறினார்கள். அன்னப்பிள்ளை வரம்பில் இருந்து அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பக்கீர் முகைதீன் நீர் ஊறிய விரல்களை விரித்துக் காட்டினார்.

"செருப்பக் கழட்டிட்டு இறங்குங்க" என்றார் அன்னப்பிள்ளை. "பயிர மிதிக்காம நில்லுங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு போகத்திலும், விதைத்து மூன்றாம் கிழமை, சாய்ந்தமருதிலிருந்து ஆட்கள் போய்ச் சாகாமம் வயலில் நின்றுவிட்டு வருகிறார்கள். இப்போது நாற்பது பேருக்கு மேல், இதற்கென்றே ஒரு பஸ் பேசியிருக்கிறார்கள். ஸுலைஹா உடம்பு தேறிவிட்டார், நடுவில் நின்ற பாயை எடுத்துவிட்டார். அன்னப்பிள்ளை இன்னும் மாப்புக் கொடுக்கவில்லை. நிற்க இடம் கொடுக்கிறார்.