குசன் வைத்த டவுசர்

மதியழகன் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து, பாதியைக் காய்ச்சி, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தான். காபி குடித்தான். ஒரே டம்ளர் என்பதால் கழுவுவது சுலபம். பிறகு சைக்கிளை வெளியே தள்ளி, கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடம் வரை மிதித்துவிட்டுத் திரும்பினான். குளித்தான். மாவு இருந்ததால் இரண்டு தோசை ஊற்றி, அடுப்பு மேடையருகே நின்றபடியே தின்றான்.

நின்று தின்றதற்குக் காரணம் இருந்தது. உட்கார முடியவில்லை.

சைக்கிளை வாங்க வைத்தவன் ஜெயபிரகாஷ். கல்லூரித் தோழன், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பொறியாளன், விடுமுறை நாட்களில் தொடையை இறுக்கிப் பிடித்த உடையில் ஏற்காடு ஏறி இறங்குபவன். மனைவி அகல்யா இறந்த பிறகு மாதம் ஒருமுறையாவது வந்து மதியழகன் எதிரே உட்கார்ந்து பார்த்தான். பேச்சு நகரவில்லை. ஒருநாள் எழுந்து, "ஒண்ணும் தோணலைன்னா ஒண்ணும் தோணாமயே மிதிடா. சைக்கிள் உங்கிட்ட எதையும் கேக்காது" என்று சொல்லி, கையோடு கடைக்கு இழுத்துப் போய்விட்டான்.

அவன் சொன்னபடியே சைக்கிள் எதையும் கேட்கவில்லை. சீட்டுதான் பாடாய்ப் படுத்தியது. அகல்யா போனதிலிருந்து அவனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கல்லு மாதிரி இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, அதுவும் உறைக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு இப்போது ஓர் இடத்தில் வலித்தது. வலித்த இடம்தான் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஆனால் ஒருவரிடம் சொல்ல வேண்டி வந்தது. அவனுடைய மாமியார் சௌந்திரத்திடம்.

புதுச்சத்திரத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். கணவர் இல்லை. அகல்யா ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும்.

"ஏனுங்க மாப்ள, ஞாயித்துக்கெழம வாரீங்களா?"

"மில்லுல வேல இருக்குதுங்க அத்தை."

"ஞாயித்துக்கெழம மில்லுல நூலு மட்டுந்தானுங்க ஓடுது. கணக்குமா ஓடுது? எனக்குத் தெரியாதாக்கும்."

மதியழகனுக்கு வேலை நூற்பாலையின் கணக்குப் பிரிவில்.

"உங்களக் கட்டிப்போட்டா வெக்கப் போறேன்? ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். கேட்டுட்டு விட்டுர்றேன்."

அது என்ன என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை.

அகல்யாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் இருவரும் கூடவே இருந்தார்கள். கடைசி நாள் காலையில், தீவன லாரி வருகிறது, இறக்கிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சௌந்திரம் ஊருக்குப் போனார். மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்குக் கூட இருந்தவன் மதியழகன் மட்டும். இழவு வீட்டில், "கடைசியா என்னப்பா சொன்னா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது இழவு வீட்டில் சொல்லும்படியான பேச்சே இல்லை. அவன் சும்மா இருக்க இருக்க, சௌந்திரத்தின் அக்கா ராசம்மாள் பொறுக்காமல் தானே ஒன்றைக் கட்டிவிட்டார். "எங்கம்மாவக் கைவிட்றாதீங்க மாமா"ன்னு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். கருமாதிக்குள் அது ஊர் முழுக்கப் பரவி, கூடவே கண்ணீரும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் நம்பினார்கள். சௌந்திரம் மட்டும் மருமகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வராது. ராசம்மாள் சொன்னதை ஆமாம் என்று சொல்லவும் மனம் வராது. ஆகவே வேலை, மழை, ஜலதோஷம் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. எல்லாம் தீர்ந்துபோய், ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"சைக்கிள்லயே வரலாம்னு இருக்கேனுங்க அத்தை. கொஞ்சம் பழகிட்டு வாரேன்."

தள்ளிப்போடத்தான் சொன்னான். அவர் பண்ணைக்கு வரும் முட்டை வியாபாரி வரைக்கும் சொல்லிவிட்டார், மாப்பிள்ளை சேலத்திலிருந்து மிதித்தே வருகிறார் என்று. அடுத்த போனில் மதியழகன் இன்னும் ஒருபடி இறங்க வேண்டியதாயிற்று.

"முடியலீங்க அத்தை. உக்காந்தா வலிக்குது."

"எங்கீங்க?"

"உக்கார்ற எடத்துலதானுங்க."

மறுமுனையில் அவர் கோழிகளை ஒரு அதட்டு அதட்டினார்.

"அட, இதுக்கா இத்தன யோசன? அதுக்குன்னே டவுசர் இருக்குதுங்க. உள்ள மெத்த வெச்சது. நம்ம தீவன ஏஜெண்டு பையன் அதத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறான். ஒண்ணு வாங்குங்க. வாங்கிப் போட்டுட்டு வாங்க."

அந்த வழியும் அடைபட்டது.

சனிக்கிழமை ஜெயபிரகாஷ் அவனை அஸ்தம்பட்டியில் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் குணசீலன் கண்ணாடிப் பெட்டிமேல் டவுசர்களை எடுத்துப் போட்டார். முதலில் வந்தது மலிவானது. உள்ளே மெத்தை இருந்த இடத்தில் ஆறிப்போன ஊத்தப்பம் போல ஒன்று இருந்தது. அடுத்தது ஜெல் வைத்தது. அழுத்தினால் விரல் புதைந்தது.

"இது நல்லா மெத்துன்னு இருக்கே" என்றான் மதியழகன்.

"கடையில நின்னு அமுக்குனா எல்லாமே மெத்துன்னுதானுங்க இருக்கும்" என்றார் குணசீலன். "பத்து நிமிசம் உக்காந்தா ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கும். நடுவுல நீங்களும் சீட்டும்தான் மிச்சம்."

"தோள்ல வார் வெச்சது எடுடா. இடுப்புல இறுக்காது" என்றான் ஜெயபிரகாஷ். அவன் கையில் இருந்தது கடையிலேயே விலை கூடியது.

"வேணாம்டா. மல்யுத்தத்துக்குப் போற மாதிரி இருக்கு."

"நானும் அதத்தான் போடறேன்."

"அதனாலதான் சொல்றேன்."

குணசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாவதை நீட்டினார். கறுப்பு. அதிகத் தடிமன் இல்லை. அழுத்தினால் விரல் பாதியில் நின்றது. நடுவே தையல் ஓடவில்லை. தொடை விளிம்பில் மேலே ஏறாமல் பிடிக்க ரப்பர் பட்டை. விலையும் கையைக் கடிக்கவில்லை.

"சைஸ் கொஞ்சம் பிடிக்கிற மாதிரியே எடுங்க. தொளதொளன்னு இருந்தா மெத்த ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போவீங்க. நிக்கறப்ப டயப்பர் கட்டுன கொழந்தையாட்டம் தெரியும், அதக் கண்டுக்காதீங்க. சைக்கிள்ல குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "இப்பப் போட்டுப் பாக்கறதுக்கு மட்டும் உள்ள இருக்கறது இருக்கட்டும். ஊட்டுக்குப் போனா உள்ள ஒண்ணும் கூடாதுங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. அந்தத் தையல்தான் தேச்சுப் புண்ணாக்கும்."

"இதச் சொல்லத்தான் நானும் மூணு வாரமா கூச்சப்பட்டுட்டு இருந்தேன்" என்றான் ஜெயபிரகாஷ்.

திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வந்து, ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த சைக்கிளில் மதியழகன் ஏறி உட்கார்ந்தான். குனிந்தான். மிதித்தான். வலிக்கும் என்று உள்ளுக்குள் நம்பிக்கையோடு காத்திருந்தான். இது சரியில்லை, அடுத்த மாதம் புதுச் சரக்கு வரட்டும் என்று சொல்லிவிடலாம். மிதித்துக்கொண்டே இருந்தான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து காற்றடித்துக்கொண்டு போனார்.

வலிக்கவில்லை.

"எப்படிங்க?"

"நல்லா இருக்கு" என்றான். முகத்துக்கு நேரே பொய் சொல்ல அவனுக்கு வராது. அவனுடைய தொல்லையே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினான். சேலத்தைத் தாண்டி, மல்லூரைத் தாண்டியதும் சாலை அகன்று நீண்டது. வெயில் ஏறவில்லை. முட்டை அட்டைகளை அடுக்கிய வண்டிகள் எதிரே வந்தன. பாடி கட்டுவதற்காக நாமக்கல் போகும் வெறும் லாரி சேசிஸ் ஒன்று, கதவும் கூரையும் இல்லாமல் எலும்புக்கூடாக அவனைக் கடந்தது. ஓட்டுநர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, எதன் மேலோ பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். இவனும் தூக்கினான். உட்காரும் இடத்தின் கஷ்டம் தெரிந்த இருவர்.

ஆண்டகளூர் கேட்டில் டீ குடித்தான். பெஞ்சில் உட்கார்ந்தே குடித்தான். அத்தையிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. சைக்கிள் மட்டும் ஒழுங்காக ஓடியது. ஒரு பஞ்சராவது ஆகித் தொலைக்கக் கூடாதா?

புதுச்சத்திரத்தில் பண்ணைக் கதவருகே சௌந்திரம் நின்றிருந்தார். அழவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மெலிஞ்சுட்டீங்க. இதான் அந்த டவுசரா?"

"ஆமாங்க அத்தை."

"அய்யே, இத்துனூண்டா? இதுலயா அவ்வளவு தூரம் வந்தீங்க? உள்ள வாங்க, உள்ள வாங்க."

மோர் வந்தது. ஆம்லெட் வந்தது. இன்னும் இரண்டு ஆம்லெட் வந்தது. பிறகு அவர் பீரோவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பையை இழுத்துவந்து அவன் முன்னால் வைத்தார்.

"நீங்க வாங்குவீங்களோ, வாங்கலைன்னு சாக்குச் சொல்லுவீங்களோன்னு நானே ஒண்ணு தைக்கச் சொல்லிட்டேன். நாமக்கல்லுல லாரி சீட்டுக் குசன் தைக்கிறவரு. கல்கத்தாவுக்கு லோடு போறவங்கல்லாம் அவரு தைச்ச சீட்டுலதான் உக்காந்து போறாங்க. இந்தப் புதுச்சத்திரத்துக்கு வர அது பத்தாதா?"

மதியழகன் வெளியே எடுத்தான். முட்டி வரைக்கும் நீலத்துணி. பின்பக்கம் முழுக்க அரக்கு நிற ரெக்சின். உள்ளே நாலு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச். மேலே ஓட்டுநர் சீட்டில் இருப்பது போலவே வைரக் கட்டம் போட்ட தையல், ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த வெள்ளை பைப்பிங்.

"மஞ்சக் குஞ்சம் வெக்கட்டுங்களான்னு கேட்டாரு. நாந்தான், வேண்டாம், அவரு கொஞ்சம் கூச்சப்படுவாருன்னுட்டேன்."

"நல்லவேளைங்க அத்தை."

"போட்டுப் பாருங்க."

மறுக்க வழியில்லை. அறைக்குள் போய், கறுப்பு டவுசருக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு வந்தான். கால்களைச் சேர்க்க முடியவில்லை. நிலைப்படியில் ஒருமுறை மாட்டி, பக்கவாட்டில் திரும்பித்தான் வெளியே வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபோது, ரெக்சினுக்குள் இருந்த காற்று அவசரமில்லாமல், நீளமாக, மரியாதை கெட்ட ஒரு சத்தத்தோடு வெளியேறியது.

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ஏர் பிரேக்குங்க அத்தை" என்றான் மதியழகன்.

அவ்வளவுதான். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிக்கும் சத்தம் தன்னுடையதுதானா என்று ஒருகணம் சந்தேகமாக இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது, மறுபடி சிரித்தார்கள்.

"அளவு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"உங்க பேண்டு ஒண்ணு இங்கயே கெடந்துச்சு. அதத்தான் குடுத்தேன்."

எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். சாம்பல் நிறப் பேண்ட். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் போட்டிருந்தது. காரியத்தன்று இந்த வீட்டில் வேட்டி மாற்றிக்கொண்டு, எடுக்க மறந்துபோனது. துவைத்துத் தேய்த்து மடித்திருந்தார்.

மதியழகன் அதைப் பார்த்தான். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. சௌந்திரமும் கொஞ்ச நேரம் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேக்கட்டுங்களா?" என்றார்.

அவன் தலையாட்டினான்.

"எங்கக்கா சொல்றத நான் நம்பலீங்க. கைய புடிச்சு, கண்ணு கலங்கி... அவ அப்படிப் பேசற புள்ளையா? என்னப் பெத்தவ மாதிரி மெரட்டிட்டுத் திரிஞ்சவ. அவ குரலாவே அது எனக்குக் கேக்க மாட்டீங்குது. அதான். நெசமா என்ன சொன்னா?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க அத்தை. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"டீ குடிக்கப் போகச் சொன்னாளுங்க. போயிட்டு வர்றதுக்குள்ள..."

"அது எனக்குத் தெரியுமுங்க. நர்சம்மாவே சொல்லுச்சு. எப்படிச் சொன்னா? அவ வாயில வந்தது எனக்கு வேணும். ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க. சொல்லுங்க சாமி."

கொட்டகையில் கோழிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மதியழகன் அந்தக் குசன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அகல்யா எப்படிச் சொன்னாளோ அப்படியே, அந்த இழுப்போடு, அந்தக் கேலியோடு சொன்னான்.

"போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க மாமா. அந்தச் சேர்லயே உக்காந்து உக்காந்து பேண்டுக்குப் பின்னாடி கண்ணாடியாட்டம் மின்னுது. அதப் பாத்தே நான் பொட்டு வெச்சுக்கலாமாட்ட இருக்குது."