நாற்பது சென்ட்

சுவாதியிடமிருந்து போன் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. உக்ரைனில் டாக்டருக்குப் படிக்கிறாள் என் மகள். குண்டு விழ ஆரம்பித்ததும், ஹாஸ்டலுக்குக் கீழே பதுங்கியிருப்பதாகச் சொன்னாள். அப்புறம் ஒன்றுமில்லை. என் மனைவி பாக்யலட்சுமி அழுது ஓய்ந்து படுத்துவிட்டாள். எனக்குப் பசி, தூக்கம் எதுவும் தெரியவில்லை. டி.வி. முன்னால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

திருமானூரில் பாதி ஊர் வந்து விசாரித்துவிட்டுப் போனது. மாயவனும் வந்தான், அவனை நான் எதிர்பார்க்கவில்லை. என் ஆறு ஏக்கரை ஒட்டி அவனுக்கு நாற்பது சென்ட் இருக்கிறது. என் போர்வெல்லிலிருந்து தண்ணீர் வாங்கிப் பாய்ச்சிக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஆகாத சாமிதுரையின் போர்வெல்லுக்கு மாறினான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

"சாப்ட்டீங்களாண்ணே?" என்றான். தலையாட்டினேன், பொய்தான்.

டி.வி.யில் டாங்கிகள் வரிசையாகப் போயின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மாம் பெரிய நாட்டுக்கு இருக்குற எடம் பத்தலையாண்ணே? எதுக்கு இந்தச் சின்ன நாட்டுமேல பாயுறான்?" என்று கேட்டான்.

செய்தியில் கேட்டதை ஒப்பித்தேன். "எடம் மட்டும் இல்லடா. ஒருகாலத்துல அவனோட இருந்த நாடு. இப்ப அவனுக்கு ஆகாதவங்களோட சேருது. நாளைக்கு எதிராளி வாசல்ல வந்து உக்காந்துட்டா? அந்தப் பயம்தான். நம்மள விட்டுப் போவுதேங்கிற எரிச்சல் வேற."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அந்த நாற்பது சென்ட் என் தாத்தா விற்ற நிலம். மாயவன் தண்ணீர் மாற்றியதிலிருந்து, ஒவ்வொரு நடவுக்கும் வரப்புப் புல்லைச் செதுக்கும் சாக்கில் வரப்பில் என் பக்கம் இருந்த மண்ணை வெட்டி அவன் பக்கம் அணைத்தேன். வரப்பு அரையடி அரையடியாக அவன் நிலத்துக்குள் போனது. கேட்க வந்த அவன் மகள் கலையரசியை, "எங்க தாத்தா சொத்துடி இது" என்று நடுவயலில் அழவிட்டேன்.

மாயவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவனுவளுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். அதுக்கு நம்ம பாப்பா என்னண்ணே பண்ணுச்சு?" என்றான்.

அப்போதுதான் போன் அடித்தது. "அப்பா, ரயில் ஏறிட்டேன்பா. எல்லைக்குப் போறோம்." அதற்குள் லைன் போய்விட்டது.

விஷயத்தைச் சொன்னேன். மாயவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.