ஏரியூர் முனியப்பனின் சந்தேகங்கள்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக உரக்கடை வைத்திருக்கும் மாதேஸ்வரனுக்கு ஒரே மகள். பெயர் காவியா, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பெங்களூர் பஸ்கள் நாள் முழுக்கக் கடையைத் தாண்டித்தான் போகும். அதில் ஒன்றிலிருந்து அவள் இறங்கி வந்துதான் வருஷம் ஓடிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்டியாப்பா? மாத்திர போட்டியா? சரிப்பா, வெக்கறன்." யானைப் பசிக்குச் சோளப்பொரி. இவரும் லேசுப்பட்டவர் இல்லை. மகளிடம் சொல்ல வாரமெல்லாம் ஆயிரம் விஷயம் சேர்த்து வைப்பார். போன் வந்தால் "ம், நல்லாருக்கறன்" என்பதோடு வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒருநாள் கடையில் பில் அடித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கூகுளில் தேடினார். தமிழில் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்கிற ஒரு இணைய மன்றத்தில் கொண்டுபோய் விட்டது. அவருக்கு வந்த அதே தொல்லையை எவனோ அங்கே கேட்டிருந்தான். பதில் சொன்னவர் பெயர் காவியா மாதேஸ்வரன், பெங்களூர்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவளேதான், படம்கூட இருந்தது. அவன் புரியவில்லை என்கிறான், இவள் முதலிலிருந்து மறுபடி சொல்கிறாள். திரும்பவும் தப்பாகச் செய்துவிட்டு வருகிறான், இவள் "பரவாயில்லைங்க" என்கிறாள். பெற்றவனுக்கு ரெண்டு நிமிஷம், ஊர் பேர் தெரியாதவனுக்கு அரை மணி நேரமா? முதலில் கோபம்தான் வந்தது. பின்னாலேயே ஆசையும் வந்தது. ஆசை யாரை விட்டது? 'முனியப்பன், ஏரியூர்' என்று பேர் போட்டுக்கொண்டு அவரும் மன்றத்தில் சேர்ந்துவிட்டார்.

"மேடம், கம்ப்யூட்டர் ஓடல. அவசரம்." இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ரஞ்சித்குமார் என்று ஓர் உறுப்பினர் பாய்ந்து வந்தார். "ஓடலன்னா என்னங்க அர்த்தம்? என்ன தெரியுதுன்னே சொல்லாம கேட்டா நாங்க ஜோசியமா பாக்கறது?"

மாதேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குள் காவியா வந்துவிட்டாள். "பெரியவர் போல இருக்குது, திட்டாதீங்க. ஐயா, பயப்படாம சொல்லுங்க. எந்த விண்டோஸ், எப்பலேர்ந்து இப்படி, அதுக்கு முன்ன எதையாச்சும் மாத்தினீங்களா, நீங்களா என்ன செஞ்சு பாத்தீங்க? திரைய ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. இதெல்லாம் கேள்வியிலயே சொல்லிட்டா சட்டுனு பதில் கிடைச்சிரும்."

மகள் பேச்சைத் தட்டாத மனுஷன், அடுத்த தடவை அப்படியே கேட்டார். எல்லா விவரமும் எழுதி, படமும் போட்டார். பதில் ஒரே வரியில் வந்தது. "பிரிண்டர் டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடுங்க ஐயா. சூப்பரா கேட்டிருக்கீங்க!" பிரிண்டர் சரியாகிவிட்டது. மகளும் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அவருக்குச் சூட்சுமம் பிடிபட்டது. ஒழுங்காகக் கேட்டால் ஒரு வரி, தத்துப்பித்தென்று கேட்டால் அரை மணி நேரம். வியாபாரிக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு, "பிரிண்டர் கோவிச்சிக்கிச்சு மேடம்" என்று எழுதினார். திரையைப் படம் எடுங்கள் என்றால் கம்ப்யூட்டரின் முதுகைப் படம் எடுத்துப் போட்டார். அவள் சிரிக்கிற பொம்மை அனுப்பினால் இவரும் தனியே உட்கார்ந்து சிரிப்பார். யூரியா வாங்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்குக் குடும்பமாக ஒகேனக்கல் போவது அவர்கள் வழக்கம். மனைவியோடு அதுவும் போயிற்று. இந்த வருஷம் காவியாவைக் கூப்பிட்டே தீருவது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் மன்றத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சாப்டியாப்பா?"

"ம். காவியா, இந்த ஆடிப் பதினெட்டுக்கு நீ..."

"அப்பா, அப்பறம் பேசலாமாப்பா? ஏரியூர்ல ஒரு பெரியவரு, பாவம், காலையில கேள்வி போட்டுட்டுக் காத்துக்கிட்டிருப்பாரு. நான் போகலன்னா மத்தவங்க திட்டியே தொரத்திருவாங்க. வெக்கறம்பா."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாதேஸ்வரன் போனைக் கீழே வைத்தார். எதிரே திரையில் அதற்குள் எழுத்து வந்துவிட்டது. "வந்துட்டேன் ஐயா. இன்னிக்கு லீவுதான், அவசரமில்லீங்க. நிதானமா சொல்லுங்க."

'காவியா, நான் அப்பா' என்று அடித்தார். அனுப்பவில்லை. அனுப்பினால் அழுவாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தாலும் வருவாள். கொஞ்ச நாளைக்குத் தினமும் போன் வரும், பிறகு பழையபடி ஞாயிற்றுக்கிழமை, பழையபடி மாத்திரை. முனியப்பன் மட்டும் திரும்பி வரமாட்டான். அவனுக்குக் கிடைத்த அரை மணி நேரமும் அவனோடு போய்விடும். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, "மவுஸ் நகர மாட்டேங்குது மேடம்" என்று எழுதினார்.

அவள் கேட்டாள், இவர் சொன்னார். கழற்றிப் போடச் சொன்னாள், போட்டதாகச் சொன்னார். கடைசியில் அவள் எழுதினாள். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. வூட்ல பசங்க யாரும் இல்லீங்களா? பக்கத்துல இருந்து பாத்தா ரெண்டு நிமிஷ வேலைங்க இது."

மாதேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். "ஒரு பொண்ணு இருக்குதுங்க மேடம். ரொம்ப நல்ல பொண்ணு. அதுக்கு நேரம் கிடைக்கறதில்லீங்க."

"விடுங்க ஐயா, மனசு கஷ்டப்படாதீங்க. எப்ப வேணும்னாலும் என்னைக் கேளுங்க. என்னையும் உங்க பொண்ணு மாதிரி நெனச்சுக்கோங்க."

அதை அவர் வாய்விட்டுப் படித்தார். கண்ணீர் திரையை மறைத்தது. எழுத்தைத் தேடித் தேடி, "சரிங்க மேடம்" என்று அடித்து அனுப்பினார்.