கூடையின் கடைசிக் கை

பெரியவள் களைக்கொத்தியைக் கீழே போட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்தாள். எரு வாசனை. நன்றாக மக்கி, மழையில் ஊறி, மண்ணோடு மண்ணாகிப்போன எரு. இன்னொரு பிடி கிள்ளி எடுத்துப் பார்த்தாள். புட்டு மாதிரி உதிர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மண்புழு, தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி நெளிந்தது. வேறு எந்தப் பாத்தியாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். இந்தப் பாத்தியில் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அவள் மண்புழுவைக் கண்டதேயில்லை. எழுந்து பார்த்தால்தான் தெரியும் என்று எழுந்தாள். இடுப்பு தவணை தவணையாகத்தான் நிமிர்ந்தது. பாத்தி முழுக்க மக்காச்சோளம் எப்போதும்போல வெளிறி, முழங்காலுக்கு மேல் வளர மனசில்லாமல் நின்றது. வண்டிப்பாதை ஓரத்து மூலையில் மட்டும் ஒரு கட்டில் அளவு இடத்தில் பயிர் கருகருவென்று இடுப்பைத் தொட்டது. நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. காய்ச்சல். அதற்கு முன்னால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. கண்ணுக்கும் வயசாகிறதுதானே.

யுனிவர்சிட்டிப் பண்ணையில் இந்த வரிசைப் பாத்திகளுக்குத் தனி மரியாதை. ஒன்றுக்கு எரு மட்டும். அடுத்ததற்கு மூட்டை உரம் மட்டும். அடுத்ததற்கு இரண்டும். கடைசியில் இது. இதற்கு ஒன்றும் கிடையாது. உழலாம், விதைக்கலாம், களை எடுக்கலாம், அறுக்கலாம். கொடுக்க மட்டும் கூடாது. இவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மண் ஏதோ குற்றம் செய்திருக்கிறது, அதற்குத் தண்டனை போலிருக்கிறது என்று நினைத்தாள். கேட்கவும் பயம். பிறகு டிராக்டர் கொட்டகையில் ஆட்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுத்துக் கூட்டினாள். முதன்முதலில் வாய்விட்டு வாசித்தது இந்தப் பாத்தியின் பலகையைத்தான். 'எதுவும் இடாதது.' வாசித்து முடித்ததும் விரல் வைத்து இன்னொரு தடவை வாசித்தாள். ஆட்கள் அதற்கு வைத்த பேர் பட்டினி. "பட்டினி நம்ம ஜாதிடி, அதுக்கும் போனஸ் கிடையாது" என்று களை எடுக்கும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஏன் இப்படி என்று மேடம்தான் ஒருநாள் சொன்னாள். மேடம் என்றால் மண் ஆராய்ச்சி மேடம். இந்த வரிசை முழுக்க அவள் பொறுப்பு. மண் ஜாடிகள் இருக்கும் அறையைத் துடைக்கப் போனபோது சொன்னாள். அந்த அறையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் வருஷத்துக்கு ஒரு பிடி மண். "நாம கொடுக்கலேன்னா மண்ணு தானா எவ்வளவு கொடுக்கும்னு யாருக்கும் தெரியாதுக்கா. அது தெரிஞ்சாதானே எவ்வளவு போட்டாப் போதும்னு சொல்ல முடியும்? ஊர் உலகத்துல இத்தனை பேரு மூட்டை மூட்டையா வாங்கிக் கொட்டாம பாதியோட நிறுத்திக்கிட்டாங்கன்னா, அதுக்கு உங்க பட்டினிதான் காரணம்" என்றாள். வெளிதேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இந்தச் சப்பை மண்ணைச் சின்னப் பையில் அள்ளிக்கொண்டு போவதன் அர்த்தம் அன்றைக்குத்தான் பெரியவளுக்குப் பிடிபட்டது. பெருமையாகவும் இருந்தது. கூடவே ஒரு சலிப்பும் இருந்தது. சாப்பாடு போடாமலேயே வைத்திருந்து, அதைக்கொண்டு ஊருக்கெல்லாம் சாப்பாட்டுக் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த மூலையில் எரு எப்படி விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். வரப்பிலிருந்து உள்பக்கமாக அரைவட்டமாய், விசிறி விரித்த மாதிரி. யார் கை என்று கேட்கவே வேண்டியதில்லை. அவளுக்கும் பழகின கைவீச்சுதான் அது. அவள் அம்மா அப்படித்தான் உதறுவாள். எருச் சுமக்கிறவள் கூடையைக் கவிழ்த்துக் கொட்டின பிறகும் அடியில் ஒரு கை அளவு எரு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எருக்குழிக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. போகிற வழியில் எந்தப் பயிர் வாடி நிற்கிறதோ, அதன் காலடியில் கூடையைத் தட்டி உதறிவிட்டுப் போகணும். பெண்ணுக்குத் தலைவாரிவிடுகிற மாதிரி அம்மா அதைப் பழக்கிவிட்டிருந்தாள். இரண்டு பெண்களுக்கும்.

குழாயடியில் சின்னவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த தங்கச்சி. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையும் தையல் விட்டுப்போன செருப்புமாக வந்து சேர்ந்தவள். சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி, கெஞ்சி, பெரியவள்தான் அவளை எருச் சுமக்கும் வேலையில் சேர்த்துவிட்டாள். இன்னும் தினக்கூலிதான். இந்த வாரம் முடிந்தால் நிரந்தர ஆட்கள் கணக்கில் பேரை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏறிவிட்டால் தனியாக ஒரு அறை பார்த்துப் போய்விடலாம் என்பது சின்னவளின் கனவு. ஏறாவிட்டால் திரும்பவும் அந்த வீட்டுக்குத்தான். அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவள் முதுகைத் தேய்த்துவிட்ட பெரியவளைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

"ஏண்டி, பட்டினிக்கு எருப் போட்டியா?"

"இல்லையேக்கா. நீதானே போடக்கூடாதுன்னே."

"மூலையில கிடக்கே."

சின்னவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் யோசித்தாள். "அதுவா? அது போட்டதில்லையே. கூடையை உதறினேன். பக்கத்துப் பாத்தியில கொட்டிட்டுத் திரும்பறப்ப அந்த மூலைதான் வழியில இருக்கு. பாக்கப் பாவமா நிக்குது."

"எத்தனை தடவைடி?"

"வந்ததுலேர்ந்து உதறுறேன். அதை யாரு எண்ணுவா? பல்லு விளக்கினதை எண்ணுற மாதிரி கேக்கறே." சிரித்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என்னக்கா? ஒரு கைதானே."

பெரியவள் குழாய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். திட்ட வாய் வரவில்லை. போடாதே என்றுதான் சொன்னாள். உதறாதே என்று சொல்லவில்லை. சொல்லணும் என்று தோன்றவேயில்லை. தான் இத்தனை காலம் கூடையை உதறாமல் எப்படி இருந்தோம் என்று யோசித்தாள். வந்த நாள் முதல் அவளைக் களைக்குத்தான் போட்டார்கள். இங்கே எருக்கூடை அவள் தலையில் ஏறினதேயில்லை. ஏறியிருந்தால் அவளும்தான் உதறியிருப்பாள்.

"இன்னிக்கு மத்தியானம் மேடம் மண் எடுக்க வருது" என்றாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேலாக்கச் சுரண்டிட்டா? அந்தச் செடியெல்லாம் பிடுங்கிட்டா? பன்னி வந்து கிளறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குக்கா தெரியப்போவுது?" என்றாள்.

யாருக்கும் தெரியாதுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பெரியவள் மூலைக்கு நடந்தாள். பின்னாலேயே சின்னவள் கூடையோடு வந்தாள். ஊரிலிருக்கிற கண்ணாடி ஜாடிக்கெல்லாம் என் தங்கச்சி ஏன் பலியாகணும் என்றுதான் நடக்கும்போது நினைத்தாள். ஜாடிக்குப் பசிக்குமா? ஜாடியை எவனாவது அடிப்பானா? முதல் வெட்டு விழுந்தது. கறுப்பு மண் ஒரு பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதை அப்படியே மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு நின்றாள். அடியிலும் கறுப்பாகவே இருந்தது. மழை அதைக் கீழே இறக்கிவிட்டிருந்தது. வேர் அதைக் குடித்துவிட்டிருந்தது. பட்டினி வாங்கினதை இனி யார் திருப்பிப் பிடுங்குவது? வருஷா வருஷம் இவள் கையால் துடைத்துவைத்த ஜாடி வரிசை கண்முன்னால் வந்தது. இந்த வருஷத்து ஜாடிக்குள் இந்த மண் 'எதுவும் இடாதது' என்ற பேரில் போய் உட்காரும். இவள் அதையும் துடைப்பாள். ஏந்தியிருந்த பாளத்தைப் பழைய இடத்திலேயே வைத்துக் காலால் அழுத்தினாள்.

"என்னக்கா?"

"முடியலடி. இடுப்பு வலிக்குது" என்றாள் பெரியவள். அதுவும் பொய்யில்லை.

வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் மேடம் பழைய ஸ்கூட்டரில் வந்தாள். தூக்கமில்லாத கண். பின்சீட்டில் மண் துளைக்கிற இரும்புக் குழாய், துணிப்பைகள். கூடவே விசில் சூப்பர்வைசர். கழுத்தில் விசில் தொங்கும். ஆளை வாயால் கூப்பிட்டதில்லை. மேடம் குழாயைப் பாத்தியின் நடுவில் இறக்கி, திருகி, மண் எடுத்தாள். பிறகு அடுத்த மூலை. அதற்கடுத்த மூலை. வண்டிப்பாதை மூலைக்கு வந்து, கரும்பச்சைக்கு முன்னால் நின்றாள். வெயிலுக்குக் கையைக் குடைபிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அங்க எடுக்காதீங்க மேடம்" என்றாள் பெரியவள். வரப்பில் நின்றிருந்த சின்னவள் தலையைக் குனிந்துகொண்டது இவளுக்குத் தெரிந்தது. "அங்க எரு விழுந்திருக்கு."

மேடம் குழாயைக் கீழே வைத்தாள். குந்தி உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, இவள் செய்த மாதிரியே முகர்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாலேர்ந்து."

விசில் குதித்தார். "யாரு? ஆளைச் சொல்லு. இல்லேன்னா எருக் கூட்டத்தையே மொத்தமா நிறுத்திடுவேன். எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்!"

"நீங்க எங்க சார் கத்தினீங்க, ஊதினீங்க" என்று களைக்காரி ஒருத்தி பின்னாலிருந்து முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சேலையில் மண் ஒட்டுவதைப் பார்க்கவில்லை. "எங்க சார் ரிட்டயர் ஆகறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்" என்று யாரிடமும் இல்லாமல் பேசினாள். "பேப்பர் எழுது, எழுதாமப் போ, அந்தப் பாத்தியை மட்டும் விட்டுடாதேன்னாரு. அவருக்கு முன்னால ஒருத்தர். அவருக்கும் முன்னால ஒருத்தர். அத்தனை பேரும் காப்பாத்தி என் கையில கொடுத்தாங்க." உள்ளங்கையிலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலைநிமிராமல் கேட்டாள். "யாருக்கா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால் விசிலே நம்பமாட்டார். இவள் கூடை தூக்கினதை யாரும் பார்த்ததில்லை. தங்கச்சி பேரைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. "எங்க வீட்டுப் பழக்கம் மேடம்" என்றாள். "கூடையில மிச்சம் இருந்தா, வாடினதுக்கு உதறிட்டுப் போவோம். போடறதா நினைச்சுப் போட்டதில்ல."

எங்கள் வீடு என்றால் யார் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். விசிலின் கண் சின்னவளிடம் போய் நின்றது. மேடத்தின் கண்ணும் போனது. சின்னவள் மட்டும் அக்காவைப் பார்த்தாள். அடித்தவனைக்கூட அவள் அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

"பேரை ஏத்தறதுக்கு நான் கையெழுத்துப் போடணும் மேடம்" என்றார் விசில். "என்ன செய்ய?"

"எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல சார். எதுவரைக்கும் பரவியிருக்குன்னு பாக்கணும். மேல சொல்லியாகணும். அந்த மூலையை இனிமே கணக்குலேர்ந்து தள்ளணும்." எழுந்து சேலையைத் தட்டினாள். பெரியவளிடம், "சொன்னீங்களே, அந்தமட்டும்…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாள். "நாளைக்கு வரேன். அதுவரைக்கும் அவங்க வேலை செய்யட்டும். மூலையைச் சுத்தி முளையடிச்சுக் கயிறு கட்டிடுங்க." ஸ்கூட்டர் இரண்டு உதையில் கிளம்பவில்லை. மூன்றாவது உதையில் இருமிக்கொண்டு போனது.

அக்காவும் தங்கச்சியும்தான் முளை அடித்தார்கள். ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி அடித்தாள். கயிற்றை இழுத்துக் கட்டும்போது சின்னவள், "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றாள். சத்தம் போடவில்லை. விசாரிக்கிற மாதிரி கேட்டாள். பெரியவள் முடிச்சை இறுக்கினாள். சாயங்காலம் சின்னவள் வீட்டுக்கு வருவாளா, வந்தால் சாப்பிடுவாளா, நாளைக்கு மேடம் வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளா என்றெல்லாம் மனசு ஓடியது. ஓடி ஓடி, களைத்து, ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

விசில் சத்தம் கேட்டது. பக்கத்துப் பாத்திக்கு எரு இன்னும் பாக்கி. சின்னவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குழிக்குப் போனாள். கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். மறுபடி போனாள், கொண்டுவந்தாள். பெரியவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வெளிறின பயிருக்கு நடுவில் குந்திக் களை எடுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நடையில் சின்னவள் கூடையைக் கவிழ்த்து, நிமிர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கை இருந்திருக்க வேண்டும். வழக்கமான மூலையில் வந்து நின்றாள். கயிற்றைப் பார்த்தாள். கயிற்றுக்கு உள்ளே கரும்பச்சை, வெளியே மஞ்சள். கை தானாகக் கூடையின் விளிம்பைத் தட்டப் போயிற்று, பாதியில் நின்றது. இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நிறைகூடை சுமக்கிறவள் மாதிரி ஒரு கையால் அதைப் பிடித்தபடி, எருக்குழியைப் பார்த்து மெதுவாக நடந்தாள்.