சொம்புக்குள் குப்பன் கை

குப்பன் உட்கார இடம் தேடித்தான் அந்தப் பழைய ஐஸ் பெட்டியைப் புரட்டினார். அடியில் குளவிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. வலது கையில் இரண்டு கொட்டு, உதட்டில் ஒன்று.

லைட்ஹவுஸ் குப்பத்து அம்மன் கோயில் முன்னால் அன்று பாடு குலுக்கல். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை முடிவு செய்வார்கள். எண் எழுதிய சிப்பிகளைச் சொம்பில் போட்டு, வீட்டு ஆம்பிளை தன் கையாலேயே எடுக்க வேண்டும். வராதவனுக்கு வெறும் சேறும் பாசியுமாக இருக்கும் ஓரத்து இடங்களில் ஒன்று. பெண்கள் அந்தச் சொம்பைத் தொடவே கூடாது. ஏன் என்று விலங்கியல் படித்த குப்பன் மகள் வினோதினி பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒருத்தனுக்கும் தெரியாது.

அம்மாவின் கூச்சல் கேட்டு அவள் ஓடிவந்தபோது நைனாவின் முகம் பேத்தை மீன்போல உப்பியிருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சில் விசில்.

"கெளுத்தி முள்ளு குத்துனா சூடு காட்டுறோம்ல, அதான் இதுக்கும்" என்று சின்னப்பன் மாமா வெந்நீர்த் துணியை உதட்டில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அது கெளுத்தி, இது குளவி மாமா! அலர்ஜி! தொண்ட வீங்கி அடச்சிக்கினா ஆளு காலி. ஊசி போடணும், ஆட்டோவக் கூப்புடு!"

"பார்றா, டிகிரி பேசுது."

குப்பன் அசையவில்லை. வீங்கிய உதட்டில் பேச்சு குழறியது. "ஷிப்பி எழுக்காம வழ மாத்தேன்."

"வரிசப்படிதான் கூப்புடுவேன்" என்றார் தலைவர் சரவணன். "மொதல்ல இது குப்பன்தானான்னே எனக்கு டவுட்டா கீது."

கூட்டம் சிரித்தது. வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுக்குள்ள செத்துட்டா பொணத்துக்குச் சிப்பி குடுப்பீங்களா தலைவரே?"

தலைவர் சொம்பை முன்னால் நகர்த்தினார். "சரி, மொதல்ல எடுத்துனு போவட்டும்."

"எடது கைய வுடு நைனா, சோத்துக் கை வீங்கிக் கெடக்கு!"

"பீச்சாங்கையாலயா? அம்மன் சும்மா வுடுவாளா?" என்று பத்துப் பேர் பாய்ந்தார்கள். சின்னப்பன் அந்த வீங்கிய கையைப் பிடித்துச் சொம்புக்குள் திணித்தார். போனது. வரவில்லை. இழுக்க இழுக்கக் குப்பன் அலறினார்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஊரின் மொத்தச் சிப்பியும் அந்தக் கைக்கு அடியில்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்து அவளுக்கு வயிறெரிந்தது. அதுவரை ஒரு சைக்கிள்கூட அசையாத ஊரில் எங்கிருந்தோ மூன்று ஆட்டோ வந்தன, பின்னால் பைக் ஊர்வலம். சின்னப்பன் குப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். "மூச்ச வுடு குப்பா! உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுடா!"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மார்கரெட் ஒரே பார்வைதான் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டுத் தொடையில் ஊசி போட்டார்கள். "சொம்பு அப்புறம்" என்றாள் மார்கரெட்.

விசில் மெல்ல அடங்கியது. உதடு பேச்சுக்கு வந்தது.

"எந்த எடம் பாப்பா?"

"எமன் வூட்டு வாசல் வரிக்கும் போய் வந்துட்டு எடம் கேக்குறியா நைனா?"

மார்கரெட் சோப்புத் தண்ணீரை ஊற்றி இழுத்தாள். "விரல விரிங்களேன்யா, ஏன் இப்படி மூடி வெச்சிருக்கீங்க?"

"வுட்டா வேற சிப்பி வந்துடும்மா!"

"நைனா!" வினோதினி போட்ட அதட்டலில் விரல் தளர்ந்தது. ப்ளக்கென்று கை வெளியே வந்தது, இரண்டு விரலிடுக்கில் ஒரு சிப்பியோடு. குப்பன் எண்ணைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

சேறும் பாசியும்.

"திரும்பப் போட்டுடட்டா?" என்று கிசுகிசுத்தார்.

"கையக் கழட்டிடுவேன்."

ராத்திரி தங்க வேண்டும், கூட ஒருத்தர்தான் என்று மார்கரெட் மற்றவர்களை விரட்டிக் கதவைப் பூட்டிவிட்டாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஊர் முண்டியடித்தது.

"சொம்பக் குடும்மா!"

"குடுக்க முடியாது, கம்பியில நொழையாது. ஒவ்வொருத்தரா கைய நீட்டுங்க." சொம்பைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் பிடித்தாள் வினோதினி.

"பொம்பள தொட்ட சொம்பு…" என்று இழுத்தார் சின்னப்பன்.

"வேணாம்னா போ மாமா. எடுக்காதவனுக்குச் சேத்து எடம்தான், தெரியும்ல?"

கட்டிலில் படுத்திருந்த நைனா வாயைத் திறக்கப் போனார். மகள் முறைத்தாள். மூடிக்கொண்டார்.

கம்பிக்குள் மாமாவின் கை வந்தது.

"பீச்சாங்கை மாமா அது."

அவசரமாய் மாற்றினார்.