காப்பிப்பொடிக் கடைக்குக் காய்ச்சல்

இது நான் நேரில் பார்த்ததல்ல. விடுதியில் என் அறைத்தோழி மரியபுஷ்பம் சொன்னது. அவளுக்கு அவள் அம்மா சொன்னது. கேட்டதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

அவர்கள் ஊர்க் கடைத்தெருவில் இன்றைக்கும் எல்லோரும் முகக்கவசம் போடுகிறார்கள். பெருந்தொற்று மனிதர்களை விட்டுப் போய்விட்டது. ஆனால் மனிதர்களிடமிருந்து கடைகளுக்கு இன்னும் தொற்றுகிறது. கையைக் கழுவிவிட்டுத்தான் ஷட்டரைத் தொடுவார்கள். கல்லாவிலிருந்து ஆறடி தள்ளி, வெள்ளை வட்டத்தில் நின்றுதான் சாமான் கேட்பார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் துரைப்பழம் அண்ணாச்சி தினமும் காலையில் வந்து, காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை ஒவ்வொரு கடையின் பெயர்ப்பலகைக்கும் நேராகப் பிடிப்பார். முதலில் எந்தக் கடைக்குத் தொற்றியது என்று கேட்டேன். மரியபுஷ்பத்துக்குத் தெரியவில்லை.

அவள் அம்மா ஜெபக்கனிக்கு அந்தத் தெருவில் காப்பிப்பொடிக் கடை. வெளியூரிலிருந்து வந்த கொழுந்தன் ஒருநாள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கடைக்குள் தும்மினார்.

"கடைக்குள்ளதானே மைனி, என்ன இப்போ?" என்றார்.

இரண்டொரு நாளில் அரைக்கும் இயந்திரம் இருமியது. ஷட்டரைத் தொட்டால் சுட்டது. காய்ச்சல் உறுதியானால் கடையை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்தங்கரையில் தனியாக வைத்துவிடுவார்கள். அது கல்யாண மாதம். வாடிக்கை பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டால் திரும்பாது. ஜெபக்கனிக்கு வேறு வருமானமும் கிடையாது. அவர் ஈரத்துணியை மடித்துப் பலகைமேல் போட்டு வைத்து, அண்ணாச்சி தெருமுனையில் தெரிந்ததும் எடுத்துவிட்டார்.

"ஒங்க கடை கல்லு மாதிரி இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி நகர்ந்தார்.

ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் செல்போன் கவர் கடை, புதிதாகத் திறந்தது. அதை வைத்திருந்த நிஸார் எட்டிப் பார்த்தான்.

"யக்கா, ஒங்க கடை இருமுச்சோ? எங்கடை பயந்துபோய் லைட்டப் போட்டுக்கிட்டே இருந்துச்சு."

"மிளகா அரைச்ச நெடிப்பா."

"காப்பிக் கடையில மிளகாவா? பேஷ்." அவன் குரல் இறங்கியது. "அதுக்கில்லக்கா. என்னோடது பச்சப்புள்ள. இன்னும் போர்டுகூட எழுதல."

ஜெபக்கனி பலகையில்லாத அந்தக் கடையை ஒருமுறை பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"ஈரத்துணி போட்டிருந்தேன் அண்ணாச்சி. இப்பப் பிடிச்சுப் பாருங்க."

அண்ணாச்சி பார்த்தார். "சித்திர மாசத்துல இந்தக் கடைக்கு மட்டும் எங்கேருந்து மார்கழி வந்துச்சுன்னு நெனச்சேன்," என்றார்.

சப்பரம் தூக்குகிறவர்கள்தான் கடையைத் தூக்கினார்கள். இடைவெளி விட்டு நடக்க வேண்டியிருந்ததால் நீளமான கம்புகள் தேவைப்பட்டன. ஜெபக்கனி தினமும் எதிர்க்கரையில் நின்று கடையோடு பேசிவிட்டு வந்தார். தெருவில் அந்த இடம் காலியாகவே இருந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் வழக்கம்போல வந்து, காலி இடத்துக்கு முன்னால் வட்டத்தில் சற்று நேரம் நின்று, வீட்டுக்குப் போனார்கள். நிஸார் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

காய்ச்சல் இறங்கிக் கடை திரும்பி வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. அந்த நோயில் அது வழக்கம்தான்.

போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். கடையில் கூட்டம் இருந்தது. காப்பி வாசனை துளியும் இல்லை. அது குளத்தங்கரையிலேயே தங்கிவிட்டது. அதனால் வாங்க வருகிறவர்கள் முதலில் அங்கே போகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக முகக்கவசத்தை இறக்கி, முகர்ந்து, சிக்கரி எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கடைக்கு வருகிறார்கள்.

அன்றிலிருந்து குளம் தூங்குவதே இல்லை என்று ஜெபக்கனி சொன்னார். மிகைப்படுத்துகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் வயல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. குளம் விழித்துத்தான் கிடந்தது.