நோரீனைத் தேடி வந்த பன்றி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள். சூடு ஆறாத கதை ஒன்று சொல்கிறேன்.

வில்லோரா என்ற சிற்றூரில் நோரீன் பாஸ்கோ நடத்திய நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைக்கு அடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, எரிவாயுக் குழாய்க்குள் வந்த பன்றி நின்றுவிட்டது. அவள் பெயர் அதன்மேல் எழுதியிருந்ததுதான் காரணம்.

பன்றி என்று குழாய்க்காரர்கள் சொல்வது இரும்பும் ரப்பருமாக ஆள் நீளத்துக்கு இருக்கும் கருவியை. வாயு தள்ளத் தள்ள அது உள்ளேயே ஓடித் துருவைச் சுரண்டும்; குழாய்ச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பாலைவனத்திலிருந்து கடற்கரை வரை எழுநூறு கிலோமீட்டர் போகும். அனுப்புமுன் அதன் முதுகில் சுண்ணக்கட்டியால் ஒரு பெயர் எழுதுவார்கள். கடைசி முனையில் காத்திருப்பவர் பெயரைத்தான் எழுத வேண்டும். அந்த வருடம் புதிதாக வந்த மேற்பார்வையாளன் டார்சி கியோ, வழியில் நோரீன் கடையில் தின்ற பேரீச்சம்பழக் கேக்குக்கு நன்றியாக, பாதி வழியில் இருப்பவள் பெயரை எழுதிவிட்டான். பன்றி வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நோரீனின் கரண்டிகள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் நகராவிட்டால் தோண்டுவோம் என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. தோண்டினால் முதலில் போவது அவள் சமையலறை. அவள் அப்பா விதியை மீறிக் குழாய்க்கு மேலே ஆறடி இழுத்துக் கட்டியது.

“எம்பேர எழுதச் சொல்லி யாருப்பா உங்கிட்ட கேட்டா?” என்றாள் நோரீன், பன்றியைப் பார்க்க வந்த டார்சியிடம்.

“கேக் நல்லா இருந்துச்சுங்க.”

“அத எங்கிட்ட சொல்றதுக்கென்ன? போயும் போயும் பன்னிகிட்டயா சொல்லுவ?”

டார்சி மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தான். “உள்ளதான் இருக்கு. அசைய மாட்டேங்குது.”

“எப்படி அசையும்? அது தேடி வந்த ஆளு இங்கதான நிக்கிறேன்.” நோரீன் அடுப்பை அணைத்தாள். “வண்டிய எடு. கடைசி முனை எங்கன்னு காட்டு.”

பத்தொன்பது வருடமாகக் கடையைப் பூட்டாதவள் புதன்கிழமை விடியலில் பூட்டினாள். வண்டி நகர்ந்ததும் மண்ணுக்கடியில் பன்றியும் நகர்ந்தது. அவள் தேநீர் குடிக்க இறங்கினால் அதுவும் நின்றது. மழை பெய்து ஓய்ந்திருந்த செம்மண்ணில் கருவிழி வைத்த சிவப்புப் பட்டாணிப் பூக்கள் விரிந்து கிடந்தன; அவள் நாற்பது நிமிடம் பார்த்தாள். அதற்குள் கடற்கரை நகரத்தில் காத்திருந்த அதிகாரியிடமிருந்து மூன்று முறை தொலைபேசி வந்தது. “பூ பாத்துட்டிருக்காங்க சார்,” என்று டார்சி உள்ளதைச் சொன்னான்.

வியாழக்கிழமை மாலை கடைசி முனையின் கதவைத் திறந்தார்கள். பன்றி கரிய தூசியோடு வழுக்கி வெளியே வந்து, நோரீனின் செருப்பை ஒட்டி நின்றது. எழுநூறு கிலோமீட்டர் உரசியும் சுண்ணக்கட்டி எழுத்து கலையவில்லை.

“வந்துட்டியா,” என்று அதன் முதுகைத் தட்டினாள்.

சமையலறை பிழைத்தது. அதற்குப் பிறகு எல்லா வருடமும் அதே பெயரைத்தான் எழுதினார்கள். எல்லா வருடமும் அவள் கடையைப் பூட்டிவிட்டுக் கடல் பார்க்கப் போனாள். நிறுவனத்தின் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது: “பன்றி நோரீனுடன் வந்து சேர்ந்தது. தாமதம் ஒரு நாள். காரணம்: பூக்கள்.” கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் யாரும் கேள்வி கேட்கவில்லை.

உங்கள் வீட்டு அடுப்பும் அணையாமல் எரியட்டும், கண்ணுகளா. உங்கள் பெயரைச் சுமந்துகொண்டு வருவது எதுவானாலும், வழி தப்பாமல் உங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும்.